நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி

கனடாவில் முதல் பனி விழுந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி, உன் வண்டியில் எத்தனை சக்கரம் இழுக்கும் என்பதுதான். நம் ஊரில் சாப்பிட்டீகளா என்று கேட்பதைப் போல அங்கே அது. வந்த புதிதில் விளங்காமல், நான்கு சக்கரமும் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். மனிதர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, மறுநாள் பனியில் புதைந்த என் காரைத் தள்ள வந்தார். அதன்பிறகுதான் ஃபோர் வீல் டிரைவ் வாங்கினேன்.

அந்தப் புத்தியோடுதான் போன ஐப்பசியில் விருதுநகர் வந்தேன். எம். புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம் அப்பா விட்டுப்போன கரிசல் காடு, மழையை நம்பிய விவசாய நிலம், இருக்கிறது. ஓய்வுபெற்று வந்து அங்கே வீடு கட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பில்தான் பதினாறு குளிர்காலங்களைத் தள்ளினேன். மழை பெய்தால் அந்த மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு எந்த வண்டியையும் நகரவிடாது. அந்தக் காட்டில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆம்புலன்ஸ் பாதியிலேயே புதைந்து நின்றது. நானும் தம்பியும் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்தோம். அதனால் காட்டுக்குப் போக நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய எஸ்யூவி ஒன்றைத் தேடினேன்.

விருதுநகரில் பழைய கார் விற்பவரிடம் ஒரே மாதிரி இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று ஃபோர் வீல், மற்றது டூ வீல். ஃபோர் வீல் டீசலைக் குடிக்கும், சாமான் போனால் மதுரைக்குத்தான் ஓட வேண்டும் என்று அவரே நேர்மையாகச் சொன்னார். பிறகு, "எங்கன ஓட்டப் போறீக?" என்று கேட்டார். எங்கள் காட்டுக்கு என்றேன்.

"டூ வீலே போதும்ண்ணே," என்றான் தம்பி. "அங்கன தார் ரோடு வந்திருச்சு."

எங்கள் மானாவாரிக் காட்டுக்குத் தார் ரோடா! அரசாங்கத்தை மனதுக்குள் வாழ்த்தினேன். ஃபோர் வீல் வண்டியையே அங்கே ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். சாப்பிட்டுப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தம்பி சாக்குச் சொன்னான். நான் வண்டியை எடுத்துவிட்டேன். 

ரோடு வழவழவென்று போய் ஓர் இரும்பு கேட்டில் முடிந்தது. உள்ளே எங்கள் காட்டில் தள்ளித் தள்ளிப் பட்டாசு ஷெட்டுகள். செல்போனையும் தீப்பெட்டியையும் இங்கேயே வைத்துவிட வேண்டும் என்று சொன்ன வாட்ச்மேன், "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன்.

"கம்பெனிக்குக் குடுத்து ரெண்டு வருசமாச்சுண்ணே," என்றான் தம்பி, கீழே பார்த்தபடி. "நீங்க எங்க வரப் போறீகன்னு நெனச்சேன்."

பட்டா வேலைக்கு என்று கேட்டான், எனக்குப் பதில் அவனே கையெழுத்துப் போட பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் நம்மில் யார் கொடுக்காமல் இருக்கிறோம்? கூடப் பிறந்தவன் அனுப்பிய பத்திரத்தை வரிவரியாகப் படிப்பது அசிங்கம் என்று நினைத்தேன். விற்கும் உரிமையும் அதில் இருந்திருக்கிறது. நிலம் போனதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். ஞாயிறுதோறும் போனில் மக்காச்சோளம் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். நல்லா வந்திருக்குண்ணே என்பான். இரண்டு வருடமாகப் போனிலேயே சோளம் விளைவித்திருக்கிறான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வண்டியைத் திருப்ப இடம் பார்க்க இறங்கி, தாரை விட்டு ஓரடி வைத்தேன். கால் கரிசலில் புதைந்தது. எந்த வண்டியையும் வாங்கவில்லை.

கனடா விமான நிலையத்தில் அதிகாரி வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஊரில் விவசாய நிலம் எதற்காவது போனாயா?

இல்லை என்றேன். அது உண்மைதான். ஷூவின் அடியில் எங்கள் காட்டு மண் காய்ந்து ஒட்டியிருந்தது.