வேலிவாசல் காவலரின் காந்தம்

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், லிங்கிப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள் சாப்பாட்டுச் சாமான் எதுவும் கொண்டுபோகக் கூடாது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். வேலிவாசலில் ஒரு காவலர் நிற்பார். தொளதொளத்த காக்கிச் சட்டை, அம்மைத் தழும்பு முகம். கயிற்றில் கட்டிய காந்தத்தால் எங்கள் துணி மூட்டைகளைத் தடவுவார். உள்ளே டின் இருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

ஒருநாள் என் மூட்டையில் ஒட்டியது.

"பச்சப்புள்ளைக்கு டின் பாலுங்கய்யா. எனக்குச் சுரக்கல. எம்புள்ளையா துப்பாக்கி தூக்குது?" என்றேன்.

"காந்தம் புடிச்சிருச்சே. மேலிடத்து ஆர்டர்லா," என்று பாலைச் சேற்றில் கவிழ்த்தார். இடுப்பிலிருந்த பிள்ளை, என் வேலை முடியும்வரை பசியில் கத்தியது.

மறுநாள் அவருடைய தேநீர் அடுப்புக் கரியில் அந்தக் காந்தம் செக்கச்செவேலென்று கிடந்தது. ஏன் என்றேன்.

"துரு புடிச்சிருக்கும்மா. சுட்டாப் போயிரும்."

பழுக்கக் காய்ந்த காந்தம் ஆறிய பிறகும் இரும்பைப் பிடிக்கவில்லை. ஆனாலும் தினமும் அதை என் மூட்டைமேல் நிதானமாகத் தடவுவார். அது டின்னில் இடித்து நழுவும். "ஒண்ணுமில்ல, போம்மா," என்பார்.

சுட்டால் காந்தத்தின் பிடி போய்விடும் என்று தெரிந்துதான் சுட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துதான் என்றால், பாலைக் கவிழ்த்த அன்றும் அந்த அடுப்பு எரிந்துகொண்டுதானே இருந்தது?