அண்ணி போட்ட ஓட்டை

கிளைடர் கிளப்பில் எல்லோருக்கும் அவள் அண்ணி. இன்ஜின் இல்லாத அந்த விமானங்களைக் கம்பியால் இழுத்து மேலே ஏற்றிவிடும் எழுபது வயது வின்ச்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமையானால் புருஷன் வீடு தங்குவதில்லை, சரி, அவர் இருக்கும் இடத்துக்கே போய்த் திட்டிவிட்டு வருவோம் என்று முப்பது வருஷத்துக்கு முன் ஓடுதளத்துக்கு வந்தவள். வந்த இடத்தில் ஒரு கிளைடரின் வால் பலகையை யாரோ கோணலாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். "தள்ளுங்க" என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அப்பாவுக்கு மேஜை நாற்காலிப் பட்டறை. மரமும் பசையும் கைக்குப் பழகியவை. பிறகு பரீட்சை எழுதி, மரக் கிளைடர்களைச் சோதித்து 'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடும் லைசென்ஸ் வாங்கினாள்.

புருஷன் அங்கே பறக்கச் சொல்லித்தருபவர். ஊருக்கெல்லாம் வாத்தியார், வீட்டிலும் அதே நினைப்பு.

இந்த வருஷம் உத்தரவு வந்தது. எங்கோ ஒரு பழைய பயிற்சிக் கிளைடரின் இறக்கை நடுவானில் கழன்றுவிட்டதாம். நாற்பது வயது தாண்டிய மரக் கிளைடர்கள் எல்லாம் தரையில் நிற்க வேண்டும். இறக்கைக்குள் பசை பிடித்திருக்கிறது என்று சோதித்தவர் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி பறக்கலாம். பக்கத்துக் கிளப்பில் மூன்றும் நின்றுபோய், கற்றுக்கொள்ள வந்தவர்கள் கலைந்து, ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தது. இங்கே கிளப்புக்குச் சொந்தமாக இருந்தவை இரண்டு. ஒன்றை அவள் முதல் நாளே ஒதுக்கிவிட்டாள். மிச்சம் இருந்தது நீலம்.

வாத்தியாரின் பயிற்சியாளர் லைசென்ஸ் மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் மாணவரை முன் சீட்டில் வைத்து ஐந்து தடவை பறந்து காட்ட வேண்டும். விட்டால், அறுபத்து நாலு வயதில் புதிதாக யாரும் தூக்கிக் கொடுக்கப்போவதில்லை. இரண்டு வாரமாக அவர் வீட்டில் கதவுகளைச் சாத்துவதில்லை, அறைந்துகொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை ஷெட்டில் அவள் ஒரு நாணயத்தால் நீலத்தின் இறக்கையை அங்குலம் அங்குலமாகத் தட்டினாள். ஒட்டு விட்டிருந்தால் 'டொப்' என்று கேட்கும். எல்லா இடத்திலும் 'டக்'.

"பாத்தீங்களா அண்ணி, கல்லு மாதிரி இருக்கு. போடுங்க கையெழுத்து" என்றார் செயலாளர். மருந்துக்கடை வைத்திருப்பவர், எல்லாவற்றுக்கும் ஒரு சீட்டு போதும் அவருக்கு.

அவள் இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்து விரலை ஓட்டினாள். உள்ளே சேரும் ஈரம் வடிய அடிப்பக்கத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். உடம்போடு சேரும் இடத்தில் மூன்றைக் காணோம். மக்கு வைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து, அவ்வளவு சுத்தமான வேலை.

"யாரு அடைச்சது?"

"நான்தான்" என்றார் வாத்தியார். "காத்து பூந்து விசில் அடிச்சுது. புதுசா வர்றவங்க பயந்தாங்க. அது நடந்தே மூணு வருஷமாச்சு."

"வடியிற வழிய அடைச்சா தண்ணி எங்க போகும்?"

"சமையலறை சிங்க் மாதிரி பேசாத."

"சிங்க்கா இருந்தா நாத்தமாவது அடிச்சுக் காட்டிக் கொடுத்திருக்கும். நான் வெட்டிப் பாக்கணும்."

"வெட்டினா திரும்ப மூட ரெண்டு மாசம் ஆகும் மேடம்" என்றார் செயலாளர். அண்ணி அந்த நிமிஷமே மேடமாகிவிட்டாள். "கிளப்பையே மூடிட்டுப் போகச் சொல்றீங்களா?"

"புருஷன் மேல இருக்கிற கோபத்த நீலத்து மேல காட்டுறாங்க" என்று பின்னால் யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

வாத்தியார் இறக்கையின் மேல் கையை வைத்து மறித்து நின்றார். "நீ ஒண்ணும் போட வேணாம். வேற கிளப்புல ஒருத்தர் இருக்கார். தட்டிப் பாத்துட்டே போட்டுக் கொடுப்பாராம். திங்கக்கிழமை வர்றார்."

திங்கட்கிழமை என்றதும் அவள் பெட்டியிலிருந்து சின்ன ரம்பத்தை எடுத்தாள்.

"வெட்டினா உன்னோட பேசவே மாட்டேன்."

"இப்ப மட்டும் கொஞ்சிக்கிட்டா இருக்கீங்க? கைய எடுங்க."

எடுக்கவில்லை. அவர் விரலுக்கு ஒரு சாண் தள்ளி ரம்பத்தை வைத்தாள். உள்ளங்கை அளவுக்கு பிளைவுட் துண்டு பெயர்ந்து வந்தது. உள்ளே, இறக்கையைத் தாங்கும் நீளக் கட்டை கறுத்திருந்தது. இரண்டு பலகை ஒட்டிய இடத்தில் பேனாக்கத்தியை வைத்தாள். அழுத்தவே இல்லை, பிடி வரைக்கும் போய்விட்டது. பழுப்புத் தூள் அவள் சட்டைக் கையில் கொட்டியது.

"இன்னொரு இறக்கை நல்லா இருக்கலாம் இல்ல?" என்றார் செயலாளர்.

"அந்த ஒத்தை இறக்கையில நீ ஒரு ரவுண்டு போயிட்டு வா" என்றார் வின்ச்காரர். அவரும் அவளைப் பார்க்கவில்லை.

வாத்தியார் ஓட்டைக்குள் விரலை விட்டு எடுத்து முகர்ந்தார். "என்னைக் காப்பாத்தினேன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியாத."

"உங்களுக்காக இல்ல. நீங்க போனா அழுதுட்டு அடுத்த வேலையப் பாப்பேன். முன் சீட்டுல உக்காந்தவங்க வீட்டுக்கு யாரு போன் பண்றது?"

பதிவேட்டில் 'பறக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாத முடிவில் கற்றுக்கொள்ள வந்த பதினோரு பேரும் போய்விட்டார்கள். சொந்தக் கிளைடர் வைத்திருந்தவர்கள் வேறு ஓடுதளம் தேடிக்கொண்டார்கள். வாத்தியாரின் லைசென்ஸும் முடிந்தது.

சொன்னபடி அவர் அவளோடு பேசுவதில்லை. அவள் கார் ஓட்டும்போது மட்டும் பக்கத்து சீட்டிலிருந்து வாய் திறக்கும். "கண்ணாடியப் பாரு." "பிரேக்க மிதிக்காத, அழுத்து." "வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் குறை." இரண்டு சிக்னல் வரைக்கும் பொறுத்தாள். மூன்றாவதைத் தாண்டி ஓரங்கட்டினாள்.

"இறங்கி நடந்து வாங்க."

"இண்டிகேட்டர் போடாம நிறுத்திட்ட" என்றபடி இறங்கி, கதவை அறைந்தார்.

அவள் கியரைப் போட்டுக் கிளம்பினாள்.