பதினேழாம் இழுப்பறை

கன்னோன் கோயிலின் குறிச்சீட்டுக் கூடத்தில் இசோகோ உட்கார ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கன்னோன் கருணையே வடிவானவள், எந்தத் தப்பையும் மன்னித்துவிடுவாள். அதனால்தானோ என்னவோ, மன்னிக்காமல் இருக்கும் பொறுப்பை இசோகோ ஏற்றுக்கொண்டாள்.

முதலில் சாமி கும்பிட வேண்டும். பிறகுதான் உண்டியலில் நூறு யென். மனதில் ஒரே ஒரு கேள்வி. எண் போட்ட குச்சிகள் இருக்கும் தகர உருளையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்க வேண்டும். ஓட்டை வழியாக வரும் குச்சியின் எண்ணைப் பார்த்துவிட்டுக் குச்சியைத் திரும்ப உள்ளே போட வேண்டும். அதே எண் போட்ட இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டு. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். சீட்டில் கெட்டது வந்தால் அதைக் கம்பியில் கட்டி, கெட்டதை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாம், மரத்தில் கட்டக் கூடாது. இதில் எது புத்தர் சொன்னது, எது இசோகோ சொன்னது என்று கேட்கத் தலைமைக் குருவுக்கே தைரியம் வந்ததில்லை.

ஒருமுறை ஒரு காதல் ஜோடி சேர்ந்து ஒரே சீட்டு எடுக்கப் பார்த்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரே விதியா? ரயில்லயும் ஒரே டிக்கெட்லதான் போவீங்களோ?" என்றாள் இசோகோ.

ஆளுக்கொன்று எடுத்தார்கள். அவளுக்கு மகா சுபம், அவனுக்கு அசுபம். ஆளுக்கொரு வாசல் வழியாகப் போனார்கள். இசோகோவுக்கு அதில் வருத்தமே இல்லை. எல்லாம் முறைப்படி நடந்ததல்லவா?

தினமும் காலையில் நூறு இழுப்பறைகளையும் நிரப்புவது அவள்தான். நூறும் அவளுக்கு மனப்பாடம். அதனாலேயே தனக்கென்று ஒரு சீட்டுகூட எடுத்ததில்லை. "கேள்வித்தாள் போடுற வாத்தியார் பரீட்சை எழுதுவாரா?" என்பாள்.

அப்படிப்பட்டவளைத்தான் உதகாவா கெடுத்துவிட்டார்.

உதகாவா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மனைவியை இழந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் அடுத்தடுத்து மூன்று சீட்டு எடுத்து, கால் மணி நேரம் அவளிடம் திட்டு வாங்கினார். அன்றிலிருந்து வாராவாரம் வருகிறார், ஒழுங்காக ஒன்றே ஒன்று எடுக்கிறார். அவள் திட்டி உருப்பட்டது அவர் ஒருவர்தான்.

டிசம்பர் கடைசியில் ஒரு நாள், குச்சியை உள்ளே போட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கிற அதே குரலில் சொன்னார்: "இசோகோம்மா, நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு பாக்கறேன். அஞ்சாம் தேதி வந்து பதில் கேக்கறேன். வேணாம்னா சொல்லிடுங்க, ஆறாம் தேதி சப்போரோவுக்கு மகன் வீட்டோட போயிடறேன்."

ஐந்தாம் தேதி மதியம் வரை இசோகோவுக்குப் பதில் பிடிபடவில்லை. கணவர் போய்ப் பதினோரு வருஷம் தனியாக இருந்தவள். சரி என்று சொல்லவும் பயம், அவர் ரயிலேறிப் போவதை நினைத்தாலும் பயம். கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துக் கை கழுவினாள், சாமி கும்பிட்டாள், நூறு யென் போட்டாள். பக்கத்து ஜன்னலில் தாயத்து விற்கும் ஃபுசாயே, கடித்த சோற்று உருண்டையை மெல்ல மறந்து பார்த்தாள்.

பதினேழு வந்தது.

இழுப்பறையைத் திறக்கவே வேண்டாம். பதினேழாம் சீட்டு அசுபம், அதில் இருப்பது இதுதான்: காத்திருக்கும் ஆள் வரமாட்டார். கல்யாணம் கூடாது. இசோகோ குச்சியை உள்ளே போட்டாள். மறுபடி குலுக்கினாள்.

"அக்கா! ஒரு நாளைக்கு ஒண்ணுதானே?"

"சீட்டை எடுத்தாதான் எடுத்த மாதிரி. குச்சி வந்ததெல்லாம் சேராது."

"இது எப்பலேர்ந்து?"

"எப்பவுமே உண்டு. நீ கேட்டதில்ல."

"எனக்கும் அன்னைக்கு இதைச் சொல்லலையே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். உதகாவா தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

பாதி வெளியே வந்திருந்த குச்சியை இசோகோ ஒரு விரலால் உள்ளே தள்ளினாள். முகம் காது வரை சிவந்துவிட்டது.

"மொதல்ல என்ன எண் வந்துச்சு?" என்று கேட்டார் அவர்.

"பதினேழு." பொய் சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை.

"அப்ப திறந்து எடுங்க. முறைன்னா முறைதானே."

திறந்தாள். காலி.

புத்தாண்டுக் கூட்டம் வழித்தெடுத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அன்று காலையில் அவள் நிரப்ப மறந்திருந்தாள்.

"காலியா இருந்தா என்ன முறைக்கா?" ஃபுசாயே நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இசோகோ இழுப்பறையின் மூலை வரை விரலை விட்டுத் துழாவினாள். எல்லாவற்றுக்கும் முறை வைத்திருந்தவள் இதற்கு மட்டும் வைக்கவில்லை.

"உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே, சொல்லுங்க," என்றார் உதகாவா.

"அசுபம். காத்திருக்கும் ஆள் வரமாட்டார்."

"வந்துட்டேனே!"

இசோகோ அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கு மூணு தடவை எடுத்தீங்களே, என்ன கேட்டு எடுத்தீங்க?"

"இந்தம்மா நம்மகிட்ட பேசுவாங்களான்னு. மூணுமே அசுபம். அதுக்கப்புறம் நீங்க கால் மணி நேரம் விடாம பேசினீங்க."

ஃபுசாயேவுக்குப் புரையேறியது.

இசோகோ இழுப்பறையை இரண்டு கையாலும் மூடினாள். "சப்போரோல பனி ஜாஸ்தி. உங்க முட்டிக்கு ஆகாது. போக வேணாம்," என்றாள். பிறகு, அவசரமாக: "ஆனா ஒண்ணு. வீட்டுல ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேக்கணும்."

"சரி."

"கேட்டுட்டு, சொன்ன பதிலைக் கேட்டுக்கணும்."

"சரிங்க."

அதற்குள் யாரோ ஒருவர் சாமிகூடக் கும்பிடாமல் வந்து, உருளையை ஒற்றைக் கையால் குலுக்க ஆரம்பித்தார். இசோகோ எழுந்துவிட்டாள். உதகாவா ஓரமாக நின்று திட்டு முழுவதையும் கேட்டார். இனி தினமும் கேட்க வேண்டியதுதானே, பழகிக்கொள்ளட்டும்.