கண் மூடிப் போடும் டப்பா

வணிகவியல் துறையில் அவருக்குப் பகடை மிஸ் என்றுதான் பெயர். முன்பு வங்கியில் கடன் வசூல் பிரிவில் இருந்தவர். மீசை அரும்பாத பிள்ளைகள் போனுக்கும் பைக்குக்கும் தவணை கட்ட முடியாமல் எதிரே கையைப் பிசைந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்து, கல்லூரிக்கு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் புத்தகம் கிடையாது. பகடையும் சீட்டும் பொத்தான்களும்தான். “அம்மா காலேஜ்ல சூதாட்டம் நடத்துறாங்க” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகள் சொல்லிச் சிரிப்பாள்.

ஆட்டம் எளிது. வகுப்பு மொத்தமும் ஒரு தெரு. சீட்டில் வந்த வேலைக்குத் தக்கபடி பொத்தான்கள் சம்பளம். வாடகை, சாப்பாடு, கடன் போக, தெருத் தண்ணீர்த் தொட்டிக்கென்று ஒரு டப்பா. எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள, ஒவ்வொருவராகப் போய்ப் போட வேண்டும். போடாவிட்டாலும் கேள்வி இல்லை. டப்பா குறைந்தால் தொட்டி பழுது. லாரித் தண்ணீருக்கு எல்லோரும் இரட்டிப்பாக அழ வேண்டும்.

அன்று முதல்வர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். “வெறும் விளையாட்டுன்னு தெரிஞ்சா இந்த வகுப்பை எக்ஸாம் கோச்சிங்குக்கு மாத்திடுவேன்” என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

டப்பாவைத் திறந்தால் ஒரே ஒரு பொத்தான்.

“எந்தக் கர்ணன்டா அது?” என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. மிஸ்ஸின் முகம் சுண்டிப்போயிற்று.

ஜன்னலோரப் பெண் எழுந்தாள். “கண்ணை மூடறதுதான் மிஸ் வினை. திறந்துக்கிட்டே போடலாமே.”

பார்த்துப் பார்த்து உண்டாக்கிய விதி அது. முடியாது என்று நாக்கு நுனி வரை வந்ததை மிஸ் விழுங்கினார். “என்னைக் கேட்டா? உன் தெருவைக் கேளு.”

எதையும் கடனில் வாங்குவதால் ‘தவணை’ என்று பெயர் எடுத்தவன் முறைத்தான். “நீ டாக்டர். நான் வாட்ச்மேன். நான் கம்மியாப் போடறதை ஊரே வேடிக்கை பாக்கணுமா? தனக்கு மிஞ்சித்தான் தானம்.”

“விரலுக்கேத்த வீக்கம் போதும்டா. சம்பளத்துல பத்துல ஒரு பங்கு. ஆனா தரணும்” என்றாள் அவள்.

“வேலை போயிட்டா?”

“அந்த மாசம் உனக்குச் சேர்த்துத் தெரு போடும்.”

“நல்லாருக்கே, நானும் வேலையை விட்டுடறேன்” என்றது இன்னொரு குரல்.

மணி அடித்தது. யாரும் பையைத் தொடவில்லை. கண்ணைத் திறந்து பத்தில் ஒரு பங்கு போடச் சம்மதமா என்று கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். ஆளைவிட ஒரு கை அதிகம். திரும்பினால், பின்வரிசையில் முதல்வரின் கை.

“சார், நீங்க இந்தத் தெரு இல்லையே. உங்க ஓட்டு செல்லாது” என்றான் தவணை.

முதல்வர் அசடு வழியக் கையை இறக்கினார். வாசல் வரை போய் நின்றார். “அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கும் ஒரு சீட்டு எடுத்து வைங்க மிஸ். நல்ல சம்பளமா இருக்கட்டும்.”

“அது உங்க கைராசி சார்” என்றார் மிஸ். வகுப்பு பிழைத்துவிட்டது என்பது அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள், வேலை போனவனுக்கு எத்தனை மாதம் சலுகை என்று தெருவில் அடுத்த சண்டை தொடங்கியிருந்தது.