சைரன் அக்காவின் திட்டு கேசட்

சைரன் அக்காவுக்கு அந்தப் பட்டம் சும்மா வந்துவிடவில்லை. தன் இஸ்திரிக் கடையில் நின்றபடி “இது யாரு சட்டை?” என்று அவள் கேட்டால், சட்டைக்காரன் தன் வீட்டுக் குளியலறையிலிருந்து பதில் சொல்வான். அப்பேர்ப்பட்ட தொண்டையை வைத்துக்கொண்டு ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாட்டு பாடியவள். ஏன் விட்டீர்கள் என்று யாராவது கேட்டால் அவர்களுடைய சட்டைக் காலர் கருகும். அதனால் யாரும் கேட்பதில்லை.

அன்றைக்குப் பக்கத்துத் தெருவில் செருப்புக் கடை திறப்பு. மைக்செட்காரர் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு, தன் அப்பா காலத்துக் கேசட் ஒன்றைச் சோதனைக்குப் போட்டார். ஒரு பெண்குரல் தெருவையே தூக்கிக்கொண்டு போவதுபோல் பாடியது. பாட்டு நடுவில் சட்டென்று நின்றது.

“டேய், கை எங்கடா? வீட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?”

துணி மூட்டையோடு போய்க்கொண்டிருந்த அக்கா அப்படியே நின்றாள். திட்டியது அவள்தான். திட்டு வாங்கியது மேளம் அடித்த அவளுடைய தம்பி.

“நிறுத்துய்யா அதை.”

“அக்கா, நீங்களா இது? எங்கப்பா ஒரு பெட்டி நிறைய பதிஞ்சு வெச்சிருக்காரு. மனுஷன் பாட்டு முடிஞ்சாலும் மெஷினை நிறுத்த மாட்டாரு. எல்லாத்துலயும் பாதி பாட்டு, பாதி திட்டு.”

அந்த வாரமே பாட்டும் திட்டும் எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்தன. சட்டை கொடுக்க வந்தவர்கள், “அப்படியே என்னையும் ஒண்ணு திட்டுங்கக்கா, வீடியோ எடுத்துக்கறேன்” என்றார்கள். அக்காவும் குறை வைக்கவில்லை. அந்தச் சூட்டோடு மைக்செட்காரர் ஒரு மண்டபத்தைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மேடைக் கச்சேரி என்று அறிவித்துவிட்டார். “கேக்காம யாருய்யா உன்னை அறிவிக்கச் சொன்னது?” என்று பாய்ந்தவள், மறுநாள் காலையில் வெந்நீரில் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

காரணம் ஒரு பாட்டு. நேரம் கழித்து வீட்டுக்கு வரும் புருஷனைப் பெண்டாட்டி கேள்வி கேட்கிற பாட்டு. ‘கடைக்குப் போனியா, கரைக்குப் போனியா, கண்ட வாசல்ல நின்னியா’ என்று கடைசி அடி மட்டும் ரயில் மாதிரி நீளும். அவளுடைய கடைசிக் கச்சேரியில் அந்த அடியில்தான் தம்பியின் மேளம் தாறுமாறாகப் பின்தங்கியது. கூட்டம் சிரித்தது. அக்கா மைக்கிலேயே, “இனிமே உன் கை என் பாட்டுல படக்கூடாது” என்றாள். தம்பி மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அன்றிலிருந்து பேச்சு இல்லை, பாட்டும் இல்லை. ஒரு தடவையாவது அந்த அடியை முழுசாகப் பாடி முடித்துவிட்டால் போதும், அப்புறம் ஆயுசுக்கும் சட்டை தேய்க்கலாம் என்பது அவள் எண்ணம்.

ஒத்திகைக்கு ஒரு புது மேளக்காரர் வந்தார். கடிகாரம் மாதிரி அடித்தார். அக்கா திட்டுவதற்கு ஒரு சந்து கிடைக்கவில்லை. கடைசி அடியில் ‘கரைக்குப் போனியா’ வரை போனவள், மூச்சு முட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“வயசாச்சு இல்லக்கா” என்றார் கடிகாரம்.

“வயசு உங்கப்பனுக்கு” என்றவள் நேராக மைக்செட்காரர் வீட்டுக்குப் போனாள். பழைய கேசட்டுகளை வாங்கி வந்து, இஸ்திரிப் பெட்டி சூடாகும்போது போட்டுக் கேட்டாள். அந்த அடி வந்தது. மேளம் பின்தங்கியது. அந்தச் சந்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம். அவளுடைய மூச்சு. பின்னால் ஓட்டினாள். வேறு கேசட் போட்டாள். மேளம் எங்கெல்லாம் தடுமாறியதோ அங்கெல்லாம் அவள் மூச்சு வாங்கியிருந்தாள். வாங்கிய மூச்சிலேயே அவனைத் திட்டியும் இருந்தாள். அன்றைக்கு ஒரு வெள்ளைச் சட்டை முழுசாகக் கருகியது.

அக்கா போய் நின்றபோது, தம்பி தன் பஞ்சர் கடையில் சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழ் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏண்டா எங்கிட்ட சொல்லல?”

“என்னத்த?” நிமிரவில்லை.

“நான் மூச்சு வாங்கத்தான் நீ நிறுத்தினன்னு.”

“சொன்னா நீ வீம்புக்குன்னே மூச்சு விடாம பாடுவ. மேடையில விழுந்தா உன்னைத் தூக்கறதுக்கு ஊரைக் கூட்டணும்.”

“அன்னைக்கு ஏண்டா அவ்ளோ நிறுத்தின?”

“அன்னைக்கு நீ ஜுரத்தோட வந்தியே.”

அக்கா கொஞ்ச நேரம் பஞ்சர் கடையில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். “அத்தனை பேர் முன்னாடி திட்டினேனேடா.”

“வீட்லயும்தான் திட்டின. அங்க கைதட்டல் கிடையாது, அவ்ளோதான்.”

“ஞாயித்துக்கிழமை வரியா?”

“என் கை படக்கூடாதுன்னு மைக்ல சொன்ன. வாபஸ் வாங்கறதா இருந்தாலும் மைக்லதான் வாங்கணும்.”

அக்கா வாழ்க்கையில் எதையும் வாபஸ் வாங்கியதில்லை. நடையைக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. தம்பி வந்தான். மேளத்தை மடியில் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அக்கா அவனைப் பார்க்காமலே பாடத் தொடங்கினாள். குரல் கணீரென்று ஏறியது. மேளம் சும்மா இருந்தது. கடைசி அடி நெருங்க நெருங்க அவள் கழுத்து நரம்பு புடைத்தது. சட்டென்று நிறுத்தித் திரும்பினாள்.

“டேய், கை எங்கடா? வீட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?”

இதற்காகவே காசு கொடுத்து வந்த கூட்டம் விசிலடித்துத் தீர்த்தது. தம்பி கட்டிய கையை அவிழ்க்கவில்லை. தாடையால் மைக்கைக் காட்டினான்.

அக்கா மைக்கைப் பார்த்தாள். அதன் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்தாள்.

“போட்றா. உன் கை இல்லாட்டி எனக்கு மூச்சு வராது.”

இதுவும் திட்டுதான் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. தம்பி கையை அவிழ்த்தான். கடைசி அடி கிளம்பியது. கடைக்குப் போனியா, கரைக்குப் போனியா. மேளம் ஒரு துளி பின்தங்கியது. அக்கா மூச்சை இழுத்தாள். கண்ட வாசல்ல நின்னியா என்று அந்த ரயில் கடைசிப் பெட்டி வரை வந்து நின்றது.

கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த பாட்டை எடுத்தாள். சின்னப் பாட்டு, ஏற்றமே இல்லாதது. அதிலும் மேளம் பின்தங்கியது.

“டேய்,” என்றாள் அக்கா, மைக்கிலேயே. “இங்க எனக்கு மூச்சு இருக்குடா. வா.”