செலின் அத்தையின் ஸ்கூட்டர்

உவரியில் எங்கள் பக்கத்து வீட்டு ஜெரோன் மாமா முப்பது வருடம் கடலுக்குப் போனவர். மனைவி செலின் மஸ்கட்டில் நர்ஸ். அத்தை விட்டுப்போன நீல ஸ்கூட்டரை மாமா சுவரில் உரசியதில், பக்கவாட்டில் ஓடிய மெல்லிய பொன்னிறக் கோடு அழிந்துவிட்டது. கிறிஸ்மஸுக்கு அத்தை வருவதற்குள் அதைத் தன் கையாலேயே வரைந்துவிட நினைத்தார்.

முதலில், படகுக்குக் கோடு போடுகிற பழக்கத்தில், சுண்ணாம்பு தடவிய நூலை இழுத்துப் பிடித்து அடித்தார். நூல் நேராகப் போனது. ஸ்கூட்டரின் பக்கம் வளைவாகப் போனது. பிறகு செல்போனில் பார்த்து, நீள மயிர் பிரஷ் ஒன்றை வரவழைத்தார். தினமும் ஜன்னல் கண்ணாடியில் வரைந்து வரைந்து அழித்தார். வெளியூரெல்லாம் சுற்றிவிட்டு வீடு திரும்பியிருந்த எனக்கு ஒரு மாதம் அதுதான் வேடிக்கை.

“மாமா, மூச்சு விடுங்க. செத்துகித்துப் போயிராதீங்க.”

“விட்டா கோடு நெளியுது மக்களே. பைய விட்டுக்கிடலாம்.”

டிசம்பர் பத்தாம் தேதி மதியம் ஸ்கூட்டரிலேயே ஒரே இழுப்பில் கோடு வந்தது. பெயிண்ட் காய்வதற்குள் அத்தைக்கு வீடியோ கால் போட்டார்.

“லீவு கிடைக்கல. அடுத்த வருசந்தான் வர முடியும்,” என்றார் அத்தை, எடுத்த எடுப்பிலேயே.

மாமா போனை ஸ்கூட்டர் பக்கம் திருப்பவில்லை. “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்தார். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் ஈரக் கோட்டைத் துடைத்தார்.

“நல்லாத்தான மாமா இருந்துச்சு?”

“கடைசில கொஞ்சம் தடிச்சிருந்துச்சு. இன்னும் ஒரு வருசம் இருக்குல்லா,” என்றார்.