சைபரிலிருந்து படித்த ராணி

நேற்று கரியாலூரில், அருவிக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு பஜ்ஜிக் கடையில்...

ஒரு ஈடு மிளகாய் பஜ்ஜி கருகிப் போனது. காரணம் நான்தான்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. மந்திரவாதி, டிராகன், தொலைந்துபோன ராஜ்ஜியம் என்று எந்தக் கதை கிடைத்தாலும் விடமாட்டேன்.

ஆனால் படித்து முடித்தபின் அதைப் பற்றிப் பேச ஊரில் ஓர் ஆள் கிடையாது. வீட்டில் வாயைத் திறந்தால் டிராகனுக்கு ரேஷன் கார்டு உண்டா என்று கேட்பார்கள். (கேட்பவர் என் வீட்டுக்காரர். அவர் பார்க்கும் சீரியலில் பாம்பு பழிவாங்கலாம், அது மட்டும் நிஜம்!)

போன வருஷம் ஒருத்தி ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். மிஷின் மேல் கிடந்த என் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்.

"இதுல டிராகன் செத்துடுமாங்க? செத்துடும்னா இப்பவே சொல்லிடுங்க, நான் படிக்க மாட்டேன்."

அவள்தான் ராணி. தியாகதுருகத்துப் பெண், கரியாலூரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷனும் அவளும் சேர்ந்து நடத்துவதுதான் அந்த பஜ்ஜிக் கடை.

சனி, ஞாயிறு சுற்றுலாக் கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்போதெல்லாம் ஒரு கையில் ஜல்லிக்கரண்டி, இன்னொரு கையில் புத்தகம்.

திங்கட்கிழமை கடலை மாவும் எண்ணெயும் வாங்க மலையிலிருந்து கீழே இறங்குவாள். என் கடைக்கு வந்து படித்ததைக் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்கிப் போவாள். எனக்கு அந்த வாரத்தில் அதுதான் தீபாவளி.

அவள் புத்தகத்துக்கு மார்க் போடுவது கருகின பஜ்ஜியை வைத்து. "ஒரு ஈடு கருகிச்சிக்கா" என்றால் நன்றாக இருக்கிறது. ரெண்டு ஈடு என்றால் உடனே ஓடிப்போய் வாங்கிவிட வேண்டும். ஒன்றுமே கருகவில்லை என்றால் அந்த எழுத்தாளரின் கதை அத்தோடு முடிந்தது.

நதியைக் கல்யாணம் செய்துகொள்ளும் ராஜகுமாரி கதை அவள் சொல்லித்தான் படித்தேன். சத்தியமாக ரெண்டு ஈடு!

பதிலுக்கு, என் உயிருக்கு உயிரான சீரிஸை மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தேன். உப்புமலைக் கோட்டைக் கதை. நாலு பாகம். கூடவே பின்னால் எழுதப்பட்ட ஒரு முன்கதை, அதன் முதுகில் '0' என்று நம்பர்.

(ஸ்பாய்லர் வருகிறது. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். தாண்டினால் பதிவு புரியாது, உங்கள் இஷ்டம்.)

வடக்கு வாசல் காவல்காரன் மாசிலன். சிரித்துக்கொண்டே இருப்பான், எல்லோருக்கும் செல்லம். மூன்றாம் பாகத்தில் அவன்தான் எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுவான். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் திறந்தான் என்பது முன்கதையில் வரும். அதனால் சைபரைக் கடைசியில்தான் படிக்க வேண்டும்.

இதைச் சொல்லாமல் பையைக் கொடுத்துவிட்டேன்!

ஞாபகம் வந்தபோது அவள் ஏறிய வெள்ளிமலை பஸ் போய்விட்டது. போன் போட்டால் டவர் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்.

அடுத்த திங்கட்கிழமை மாவு வாங்க அவள் வரவில்லை, அவள் புருஷன் வந்தார்.

"படிச்சிக்கினே கீதுங்க. நான் கூப்புட்டா காதுலயே வுழல."

எந்த நம்பர் என்று அவரிடம் கேட்டேன். அட்டையில் மலை படம் இருக்கிறது என்றார். எல்லா அட்டையிலும் மலைதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மூன்றாம் பாகத்தைப் பற்றி வாய் ஓயப் பேச எனக்கு இருப்பதே ஒரே ஆள். அவளுக்கு அந்த அதிர்ச்சி கிடைக்காமல் போனால் நாங்கள் பேச என்ன மிச்சம்? நேற்று ஞாயிறு, ஜெராக்ஸ் கடை லீவு. பஸ் ஏறிவிட்டேன்.

போனால் கடையில் ஒரே கூட்டம். ராணி தலை நிமிராமல் மிளகாயை மாவில் தோய்த்துக்கொண்டிருந்தாள். நானே தட்டு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன், பேச வேறு வழியில்லை. எதிலிருந்து ஆரம்பித்தாய் என்று கேட்டேன்.

"சைபர்லேர்ந்துதான்க்கா. ஒண்ணுக்கு முன்னாடி அதான வருது?"

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மாசிலன் கதவைத் திறப்பான் என்று அப்போதே தெரிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"தெரியும்க்கா. அவன் தங்கச்சி எதிரிங்ககிட்ட மாட்டிக்கினு இருக்கா, அவன் வேற இன்னா பண்ணுவான்? மொத பாகத்துல சிரிச்சிக்கினு வரான் பாரு, அங்கயே அழுதுட்டேன். ஒவ்வொரு தபாவும் சாவிய கையில எடுக்கறப்ப, இன்னைக்கு வேணாண்டா, இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போடான்னு கெஞ்சிக்கினே படிச்சேன்."



அவள் கண் கலங்கியிருந்தது. எண்ணெயைப் பாரு என்று புருஷன் கத்தும்போது மிளகாய் பஜ்ஜி கரியாகியிருந்தது.

எனக்கு மாசிலன் ஒரு துரோகி. முன்கதையைப் படித்தபின் மன்னித்தேன், அவ்வளவுதான். ராணி அவனை ஒரு நாள்கூட வெறுக்கவே இல்லை. நாலு பாகமும் அவன் கூடவே நடந்து போயிருக்கிறாள். அப்படியும் அந்தக் கதையைப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என்ன பெண் இவள்!

சைபரையும் ஒன்றையும் அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நீங்கள் சொல்லுங்கள் மக்களே, சீரிஸில் முன்கதை இருந்தால் முதலிலா, கடைசியிலா?

நேற்றுவரை என் பதில் 'கடைசியில்'. ராத்திரி சைபரை மறுபடி படித்து முடித்தேன். இன்று காலை முதல் பாகத்தில் மாசிலன் சிரித்துக்கொண்டே வந்தான். நான் தலை நிமிர்ந்தபோது பால் பொங்கி, அடுப்பெல்லாம் வழிந்து, பாத்திரம் அடிப்பிடித்துவிட்டது.

ராணிக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன்: ஒரு ஈடு. இன்னும் ஒற்றை டிக்தான்.